காரணம்: ஐந்து வரிக்கு மிகாமல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு படிவத்தில் 'காரணம் (ஐந்து வரிக்கு மிகாமல்)' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பத்தான் உட்கார்ந்தேன். படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் முதலில் கழித்துப்போட்ட லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஐந்து வரி ஆறாயிற்று, ஆறு பதினாறாயிற்று. இப்போது நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அந்தக் காரணம்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆண்டுக்கு இரண்டு கதை ஏதாவதொரு சிற்றிதழில் வரும். அதனால் எழுத்தாளன் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்வதில்லை. சோறு போடுவது வேறு வேலை. மருந்துப் பெட்டிகளும் பாட்டில் லேபிள்களும் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் ப்ரூஃப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். எனக்குக் கீழே எட்டுப் பேர், எட்டு மேசை, மேசைக்கும் மேசைக்கும் நடுவே, ஓர் ஆள் உட்கார்ந்தால் நெற்றி தெரியாத உயரத்துக்கு ப்ளைவுட் தடுப்பு. ஒரு பெட்டியின் முன்பக்கத்தை ஒருவர் சரிபார்ப்பார், பின்பக்கத்தை அடுத்த மேசைக்காரர் சரிபார்ப்பார். அவரவர் பக்கத்துக்கு அவரவர் கையெழுத்து.

படிவத்தை இன்று காலை மேலாளர் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். "பேரு நானே டைப் பண்ணிட்டேன் சார். நீங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். அஞ்சு மணிக்குள்ள மேல அனுப்பணும்" என்றார். பணிநீக்கப் படிவம். பெயர்க் கட்டத்தில் இருப்பவள் மூன்றாவது மேசைப் பெண். பிரிவில் எல்லாரும் அவளை ரேடியோ என்பார்கள். வாயை மூடாமல் எதையாவது கேட்டுக்கொண்டோ சொல்லிக்கொண்டோ இருப்பாள். உங்கள் பின்னால் கதவு திறந்திருக்கிறது என்பாள். கேன்டீனில் இன்று உப்பு ஜாஸ்தி என்பாள். பள்ளிக்கூடம் முடித்து ஏழு வருஷத்தில் இது அவளுக்கு நாலாவது வேலை, கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்த முதல் வேலை.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நோயாளித் தாயைக் கொடுத்தால் உங்களுக்குக் கண் கலங்கும். கொடுக்கப்போவதில்லை. அவளுக்கு வேலை வேண்டும். உங்களுக்கு எதற்கு வேண்டுமோ அதற்குத்தான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

'அந்தப் பள்ளியின் மணி ஒலித்தபோது நூறு கனவுகள் ஒரே நேரத்தில் சிறகு விரித்து—'

வேண்டாம். பள்ளிக்கூடம் என்று எழுதினாலே பேனாவுக்குச் சிறகு முளைத்துவிடுகிறது.

இரண்டாவது முயற்சி:

'போட்டிகள் நிறைந்த இன்றைய உலகை எதிர்கொள்ள நம் பள்ளிகள் மாணவர்களைத் தயார்படுத்துகின்றனவா என்பது அனைவரும் சிந்திக்க வேண்டிய—'

இது கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசாக ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கிடைக்கும்.

மூன்றாவது:

'செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு, இரண்டாவது மேசைப் பெண் மூன்றாவது மேசையின் தாளைப் பார்த்தாள்.'

இது தேவலை. நடந்ததும் இதுதான்.

இரண்டாவது மேசைப் பெண்ணுக்கு சென்டம் என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் சம்பாதித்த பெயர். நாலு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அவளும் ரேடியோவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த எண் என்பதால் பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சு. ஒருத்தி எப்போதும் முதல் ரேங்க், இன்னொருத்தி முப்பதிலிருந்து நாற்பதுக்குள் காற்று வீசும் திசையைப் பொறுத்து. இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன், அவ்வளவு செயற்கை. என்ன செய்ய, இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தது நான். பக்கத்துப் பக்கத்து மேசை கொடுத்ததும் நான். பழகியவர்கள், ஒத்தாசையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துப் பெட்டி. முன்பக்கம் சென்டம், பின்பக்கம் ரேடியோ. பின்பக்கத்தில் எந்த வயதுக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணை. அதில் இரண்டு வரிசை இடம் மாறிவிட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பத்து மில்லி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டரை மில்லி. ரேடியோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். முப்பதாயிரம் பெட்டி அச்சாகி, வெட்டி, மடித்து, மருந்துக் கம்பெனியின் கிடங்குக்குப் போய்விட்டது. அங்கே ஒரு மருந்தாளுநர் ஒரு பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார். கிளம்ப இருந்த வண்டியை நிறுத்திவிட்டார். எந்தக் குழந்தையும் குடிக்கவில்லை, நெஞ்சிலிருந்து கையை எடுக்கலாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தப்பைக் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத ஒரு மூட்டை தூக்குபவர் என்று எழுதத்தான் கை துடித்தது. "படிக்காத மேதை!" என்று நீங்கள் தொடையைத் தட்டியிருப்பீர்கள். மன்னிக்கவும். கண்டுபிடித்தவர் நன்றாகப் படித்தவர்.)

3

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. அவர், நான், சென்டம். மேலாளர் ஒப்புக்குத்தான் கேட்டார்.

"பக்கத்து மேசைதானே நீங்க? ஏதாவது கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கவனிச்சீங்க?"

"அட்டவணையில ரெண்டு வரிசை மாறியிருந்துது சார். செவ்வாய்க்கிழமை, பதினொண்ணே கால். அவங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. தாள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருந்துது."

கேட்ட கேள்விக்கு முழு விடை. நாள், நேரம், சூழ்நிலை. நல்லவேளை படம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வரைந்து பாகங்களையும் குறித்திருப்பாள்.

"பின்ன ஏன்மா சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"அது அவங்க பேப்பர் சார்."

"அதனால?"

"அவங்க பேப்பரை நான் பாத்ததே தப்பு. பாத்ததை வெளியில சொன்னா ரெண்டு தப்பு ஆகாதா?"

அவள் முகத்தில் திமிர் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். ஒரு பொட்டுத் திமிர் இல்லை. சரியான விடையைச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் முகம்.

"குழந்தைங்க குடிக்கிற மருந்தும்மா அது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் சார். அன்னிக்குச் சோறே இறங்கல. மறுநாள் காலையில சொல்லிடலாம்னுதான் வந்தேன். சொன்னா அவங்க திருத்திடுவாங்க, போர்டுல அவங்க எனக்கு மேல போயிடுவாங்கன்னும் ஒரு நினைப்பு வந்துது, பொய் சொல்லல. ஆனா அதுக்குள்ள தாள் அவங்க மேசையை விட்டுப் போயிடுச்சு. சரி, அதுக்கு மேல—"

[இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்துகிறேன்.]

அவள் வெளியே போனதும் மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா சார்? தன் வேலையில மட்டும்தான் கண்ணு. அக்கம்பக்கம் திரும்பறதே இல்ல. இந்த மாதிரி ஃபோகஸ் இப்ப யாருக்கு இருக்கு? சீனியர் ஆக்கிடலாம்னு பாக்கறேன்."

ஒரு கதை இருக்கிறது என்று எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஒருத்திக்கு வேலை போகப்போகிறது என்பதல்லவா முதலில் தட்டியிருக்க வேண்டும்? சீ என்றுதான் இருக்கிறது. ஆனால் நடந்த வரிசை இது.

5

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரிக்கு போன் போட்டேன். அவள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். பள்ளிக்கூடத்தை நக்கல் செய்து நான் எது எழுதினாலும் அன்று வீட்டில் குழம்பு கொஞ்சம் காரமாகவே இருக்கும். இருந்தாலும் முதல் வாசகி அவள்தான். அதுவரை எழுதியதை வாசித்தேன். பின்னணியில் ஆசிரியர் அறையின் இரைச்சல், யாரோ விடைத்தாள் கட்டைப் பொத்தென்று போடும் சத்தம்.

"சரி, இதுல எங்க தப்பு என்னவாம்?" என்றாள்.

"பரீட்சை ஹால்ல நீங்க எல்லாரும் என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்வோம்? 'உன் பேப்பரைப் பாரு.'"

"ஒன்றாம் வகுப்புலேர்ந்து."

"யூகேஜிலேர்ந்து" என்று திருத்தினாள். ஆசிரியை அல்லவா.

நான் பிரசங்கம் ஆரம்பித்தேன். உங்கள் பள்ளியில் பரீட்சை வந்தால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஓர் அட்டை கொண்டுவந்து பெஞ்சின் நடுவே நிறுத்த வேண்டும், இல்லையா? அட்டை இல்லாவிட்டால் இடது கையை வளைத்து விடையை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பிள்ளை ஐந்தும் மூன்றும் ஒன்பது என்று எழுதுவது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக்கூடாது. உள்ளுக்குள் சந்தோஷப்படலாம், அது விதிமீறல் ஆகாது. இப்படிப் பன்னிரண்டு வருஷம் பழக்கிவிட்டு, பதின்மூன்றாவது வருஷம் மேடையில் சிறப்பு விருந்தினரை ஏற்றி 'குழுவாகச் செயல்படுங்கள்' என்று பேசச் சொல்கிறீர்களே, இது அடுக்குமா?

"முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"உங்க ஆபீஸ்ல ஒரு போர்டு இருக்கே, அதைக் கதையில எழுதலையா?"

எழுதவில்லை. சென்டம் வாயில் ஒரு தரம் வந்ததோடு சரி. இப்போது எழுதுகிறேன். எங்கள் பிரிவுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒரு தப்பைப் பிடித்தால் ஒரு புள்ளி, ஒரு தப்பை விட்டால் கழித்தல் ஐந்து. மாதக் கடைசியில் ஒன்று முதல் எட்டு வரை பெயர். முதலிடத்துக்கு ஊக்கத்தொகை, எட்டாமிடம் தொடர்ந்து இரண்டு மாதம் வந்தால் எச்சரிக்கைக் கடிதம். எழுதுவது என் கை. எட்டாவது பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது என் சொந்த யோசனை.

"நாங்க பசங்களை எதுக்குத் தயார் பண்றோம்னு நினைச்சீங்க?" என்றாள். "உங்க ஆபீஸுக்குத்தான். நல்லா தயார் பண்ணியிருக்கோமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. குறை இருந்தா தலைமையாசிரியைகிட்ட எழுதிக் குடுங்க."

குறையே இல்லை. அதுதான் குறை. பள்ளிக்கூடம் வாழ்க்கைக்குப் பயன்படாததைச் சொல்லித்தருகிறது என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். அபாண்டம். முக்கோணவியல் மறந்துபோகும், செடிகொடிகளின் லத்தீன் பெயர் மறந்துபோகும், அட்டைக்கு இந்தப் பக்கம் உட்காரும் வித்தை மட்டும் சாகும்வரை மறக்காது. இவ்வளவு கச்சிதமாக வேறு எந்தப் பொருளும் எங்கள் பிரஸ்ஸிலிருந்துகூட வெளியே போவதில்லை.

"அஞ்சாவது பகுதியில உன்னைப் பத்தி எழுதப்போறேன்" என்றேன், பேச்சை மாற்ற.

"அஞ்சா? மூணுதானே வாசிச்சீங்க. நாலு எங்க?"

நல்லவேளை, மணி அடித்துவிட்டது, அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

வாசகரே, நீங்களும் கவனித்திருப்பீர்கள். கவனித்தும் வாயைத் திறக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். தங்கமான பிள்ளை நீங்கள், எந்தப் பள்ளிக்கூடம்?

4

சரி.

ஒரு பெட்டி அச்சுக்குப் போக இரண்டு கையெழுத்துப் போதாது. மூன்று வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, முழுத் தாளையும் பார்த்து மேற்பார்வையாளர் போடுவது மூன்றாவது.

சென்டம் மேலாளர் அறையில் சொன்ன வாக்கியத்தை நான் பாதியில் வெட்டினேன் அல்லவா? முழுசாக இது: "சரி, அதுக்கு மேல சார் பாப்பாரேன்னு விட்டுட்டேன்."

சார் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை என் மேசையில் தாள்கள் குவிந்திருந்தன. ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது என்றிருந்ததை நாற்பத்தைந்து ஆக்கினேன், பிறகு அறுபது ஆக்கினேன், மேலே நல்ல பெயர் வந்தது. எட்டுப் பேருடைய அறுபதும் ஒரே மேசைக்கு வந்து சேரும் என்று கணக்குப் போடும் அளவுக்குக்கூட எனக்கு மூளை வேலை செய்யவில்லை. இரண்டு கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து என்னுடையதைப் போட்டுத் தள்ளினேன். அந்தத் தாளில் என்ன மருந்து என்றுகூடத் தெரியாது எனக்கு.

மேலாளருக்கு இது தெரியும். சென்டம் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். என்னைக் கேள்வி கேட்டால், என்னை இந்த மேசையில் உட்கார வைத்த அவரையும் யாராவது கேட்பார்கள். படிவத்தில் மூன்றாவது கையெழுத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நாற்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மேல் வந்ததில்லை. ஆனாலும் ஒரு பாடத்தில் நானும் தேறிவிட்டேன்: கேட்காத கேள்விக்கு விடை எழுதாதே.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) அடுத்த ஆண்டு விழாவில் பழைய பள்ளிக்கூடம் சென்டத்தைச் சிறப்பு விருந்தினராக அழைக்கிறது. 'நேர்மையும் வெற்றியும்' என்பது தலைப்பு. பேசி முடித்து இறங்கும்போது கடைசி வரிசையில் ரேடியோ உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறாள். (கசப்பாக இருக்கிறது, பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

(ஆ) சென்டம் மனம் உடைந்து, தன் கையாலேயே ப்ளைவுட் தடுப்பைப் பிடுங்கி எறிகிறாள். எட்டுப் பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (ஒவ்வொரு தடுப்பிலும் பன்னிரண்டு ஆணி. பிடுங்க யாராலும் முடியாது.)

(இ) மேற்பார்வையாளர் எழுந்து நின்று, பெயர்க் கட்டத்தில் டைப் அடித்திருப்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை—

வீட்டுக்காரி இதைப் படித்தால் புரையேறிவிடும். விட்டுவிடுகிறேன்.

7

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோ வந்தாள். இதை நான் யோசித்து வைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோதே வந்து நின்றாள், அதனால் எழுதுகிறேன்.

"சார், படிவம் வந்துடுச்சாமே."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. சார், காலர்ல மை ஒட்டியிருக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. காலையிலிருந்து இருபது பேர் என் எதிரே நின்று பேசியிருப்பார்கள்.

"உக்காரும்மா" என்றேன்.

உட்காரவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். இல்லேன்னு நான் சாதிக்க வரல. அறுபது ஆக்கினதுலேர்ந்து கண்ணு எரியுது, எழுத்தெல்லாம் நெளியுது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டது நான்தானே."

"அவ பாத்திருக்கா. தெரியுமா?"

"சொன்னாங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார். பத்தாவது பரீட்சைல அவ பேனா பாதியில நின்னுபோச்சு. என்கிட்ட ரெண்டு இருந்துது. இந்தான்னு நீட்டினேன். வாங்கல. மேடம் பாத்தா காப்பின்னு நினைப்பாங்கன்னு பயம். கேள்வித்தாளை வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, கண்ணுல தண்ணி. கடைசியில மேடமே வந்து ஒரு பேனா குடுத்தாங்க. அவ அப்படித்தான் சார். அவளுக்கு நல்லதுன்னாலும் வாங்க மாட்டா, அடுத்தவங்களுக்கு நல்லதுன்னாலும் குடுக்க மாட்டா. பழக்கிட்டாங்க."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். அந்தத் தாளை நீங்க பாத்தீங்களா?"

ஒரு வாரமாக யாரும் கேட்கவில்லை. விசாரணையில் இல்லை, படிவத்தில் இல்லை. கேட்டேவிட்டாள்.

"பாக்கலம்மா. பாக்காமலே போட்டுட்டேன்."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். ஏதோ இறக்கி வைத்தவள் போலப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. நீங்களே பாத்தும் கண்ணுல படலேன்னா எனக்கு இந்த வேலையே சரிவராதுன்னு நினைச்சு நினைச்சு ஒரு வாரமா செத்துக்கிட்டிருந்தேன் சார்."

கையிலிருந்த பேனாவை மூடினேன். எழுத்தாளன் மூடவில்லை, நான்.

"அதையும் எழுதிடுங்க சார்" என்றாள். "என் பேரை எடுக்கச் சொல்லல. மூணு பேரு கையெழுத்துல மூணு பேரும் விட்டுட்டோம்னு எழுதுங்க, அது போதும். நான் ஒருத்தி மட்டும்னு போட்டீங்கன்னா எந்த பிரஸ்லயும் என்னை ப்ரூஃப் மேசையில உக்கார விடமாட்டாங்க."

"எழுதறேன்மா."

"நிஜமா?"

"நிஜமா."

"தேங்க்ஸ் சார்" என்றாள். நம்பிவிட்டாள். திரும்பி மேசைக்குப் போய்ப் பாக்கித் தாள்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், அன்றைய அறுபதில் இன்னும் பதினொன்று இருந்தன.

8

நாலு ஐம்பத்தைந்துக்கு மேலாளர் வந்தார்.

"முடிஞ்சுதா சார்?"

மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று படிவம். காரணம் ஐந்து வரியில் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். எப்போது எழுதினேன் என்று கேட்காதீர்கள். 'ஊழியரின் கவனக்குறைவே' என்று தொடங்கும், நல்ல கையெழுத்து. இன்னொன்று இந்தத் தாள்கள். இதில் நாலாவது பகுதி இருக்கிறது, ஏழாவது இருக்கிறது. மேலே ஒரு குண்டூசி குத்தி 'காரணம், இணைப்பில் காண்க' என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் காரணம்தான். யாரும் மறுக்க முடியாது.

மேலாளர் கையை நீட்டினார். தடுப்புக்கு மேலே மூன்றாவது மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எதை என்று நான் சொல்லப்போவதில்லை. முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதுதான் இந்த மாதிரிக் கதைக்கு மரியாதை என்கிறார்கள். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டுவிட்டீர்கள், நல்லவிதமாகவே நினைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

ஒரு தகவல் மட்டும். இதைக் கையால்தான் எழுதினேன், பிரதி எடுக்கவில்லை. உலகத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டு. அது இப்போது உங்களிடம் இருக்கிறது.